வீட்டில் ஒருவர் படுத்துவிட்டால்: பராமரிக்கிறவர் பணத்தைப் பிரித்துக் கையாளும் முறை

பக்கவாதம் வந்த அப்பாவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்த முதல் மாதம் யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. கட்டில் வாடகை மகளின் ஜிபேயில் போகிறது. பிசியோவுக்கு அம்மா பீரோவிலிருந்து எடுத்துக் கொடுக்கிறார். மருந்துக்கடைக்கு யார் போனாரோ அவர் கொடுத்துவிடுகிறார். அப்பாவின் ஏடிஎம் கார்டில் எடுத்த பத்தாயிரத்தில் வீட்டு மளிகையும் மகனின் வண்டித் தவணையும் சேர்ந்தே கழிகின்றன. ஆறு மாதம் கழித்து உட்கார்ந்து பேசினால், யார் எவ்வளவு போட்டார், அப்பா பணம் எவ்வளவு செலவானது என்று ஒருவருக்கும் தெரியாது. சண்டை அங்கேதான் தொடங்குகிறது.

அதனால் நோயாளியின் பணத்தையும் பராமரிக்கிறவரின் பணத்தையும் முதல் வாரத்திலேயே பிரித்துவிடுங்கள். வரிச் சலுகை, காப்பீட்டு க்ளெய்ம், உடன்பிறந்தவர்களோடு உறவு, பராமரிக்கிறவரின் சொந்த முதுமை எல்லாம் இந்தப் பிரிவினையைப் பொறுத்தவை. கீழே உள்ளவை தமிழ்நாட்டில் வீட்டோடு வைத்துப் பெற்றோரைப் பார்த்துக்கொள்கிற குடும்பத்தை மனதில் வைத்து எழுதப்பட்டவை. "உதாரணத்துக்கு" என்று சொல்லும் தொகைகள் கணக்கைக் காட்டத்தான். உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கையெழுத்துப் போட முடிகிறபோதே முடிக்க வேண்டியவை

மருந்தைவிட அவசரமான வேலை இது என்று சொன்னால் மிகையாகத் தோன்றலாம். ஆனால் நோயாளிக்கு நினைவு தெளிவாக இருக்கும் நாட்கள் எத்தனை என்று யாருக்கும் தெரியாது. டிமென்ஷியா தொடக்கநிலை என்றால் இன்னும் அவசரம்.

பலர் முதலில் ஓடுவது பவர் பத்திரம் எழுத. அதில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆம் பிரிவுப்படி, அதிகாரம் கொடுத்தவர் சித்தத் தெளிவை இழந்தால் அந்த அதிகாரம் முடிந்துவிடுகிறது. அதாவது நமக்கு எப்போது மிகத் தேவையோ அப்போது அது செல்லாது. உடல் மட்டும் முடங்கி, மனம் தெளிவாக உள்ளவருக்குப் பவர் பத்திரம் உதவும். மறதி நோய்க்கு அதை நம்பி இருக்கக் கூடாது. அந்த நிலைக்குப் போன பிறகு, கோமாவில் இருப்பவர்களுக்குப் போலவே, உயர் நீதிமன்றத்தில் மனுப் போட்டுக் காப்பாளராக நியமனம் பெற வேண்டியிருக்கும். வக்கீல் செலவும் காத்திருப்பும் தனி.

நம்பகமான வழி வங்கிக் கணக்கைக் கூட்டுக் கணக்காக்குவதுதான். இதில் இயக்கும் முறையைக் கவனித்து எழுதுங்கள். "எய்தர் ஆர் சர்வைவர்" என்றால் இருவரில் யாரும் பணம் எடுக்கலாம். "ஃபார்மர் ஆர் சர்வைவர்" என்றால் முதல் பெயர்காரர் உயிரோடு இருக்கும்வரை அவர் மட்டுமே எடுக்க முடியும். அவர் படுத்துவிட்டால் கணக்கும் படுத்துவிடும். பழைய டெபாசிட் ரசீதுகளில் எந்த முறை இருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். இன்னொரு நுணுக்கம்: எய்தர் ஆர் சர்வைவர் என்று போட்ட எஃப்டியாக இருந்தாலும் முதிர்வுத் தேதிக்கு முன்பே உடைக்க இருவர் கையெழுத்தும் கேட்பார்கள். ஒருவர் இறந்தபின் மற்றவர் இடையில் உடைக்கவும் அதற்கான ஒப்புதலை முன்கூட்டியே எழுதி வைத்திருக்க வேண்டும். கிளையில் அதற்குப் படிவம் இருக்கிறது. கேட்டு வாங்கி இப்போதே நிரப்பிவிடுங்கள்.

நாமினி பெயர் எல்லாக் கணக்கிலும் இருக்கிறதா என்று பாருங்கள். 2025 நவம்பர் 1 முதல் ஒரு கணக்குக்கு நான்கு பேர் வரை நியமிக்கலாம். ஆனால் நாமினி என்பவர் பணத்தைப் பெற்றுக்கொள்கிறவர்தான்; சொத்துக்கு உரிமை உயில்படியோ வாரிசுச் சட்டப்படியோ போகும். பராமரிக்கிற மகளுக்கு ஏதாவது கூடுதலாகக் கிடைக்க வேண்டும் என்று அப்பா நினைத்தால், நாமினி போட்டால் போதாது, உயில் எழுத வேண்டும். இரண்டு சாட்சிகள் கட்டாயம். சாட்சிகள் உயிலில் பலன் பெறாதவர்களாக இருக்கட்டும். பதிவு கட்டாயம் இல்லை என்றாலும் செய்துவிடுவது நல்லது. அதே வாரத்தில் டாக்டரிடம் "நோயாளி தெளிவான மனநிலையில் இருக்கிறார்" என்று தேதியிட்ட கடிதம் வாங்கி உயிலோடு வையுங்கள். பின்னால் வழக்கு வந்தால் அந்த ஒரு காகிதம் பெரிய பலம்.

கையெழுத்தே போட முடியாத நிலை வந்துவிட்டால்? வங்கிக்குப் போய் "அப்பாவால் வர முடியாது" என்று சொன்னதும் பல கிளைகளில் கையை விரிப்பார்கள். ரிசர்வ் வங்கியின் விதி தெளிவாக இருக்கிறது. பெருவிரல் ரேகையோ, கை இயங்காவிட்டால் கால் விரல் ரேகையோ செக்கிலோ பணம் எடுக்கும் படிவத்திலோ பதிக்கலாம். வங்கிக்குத் தெரிந்த இரண்டு சுயேச்சையான சாட்சிகள் அடையாளம் காட்ட வேண்டும். அவர்களில் ஒருவர் பொறுப்பான வங்கி அலுவலர். ரேகையும் முடியாதவருக்கு ஒரு குறி போதும். யார் பணத்தை வாங்கப் போகிறார் என்பதை நோயாளி தெரிவிக்க வேண்டும். வாங்குகிறவரின் கையெழுத்தையும் வங்கி பதிந்துகொள்ளும். 70 வயதைக் கடந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே வந்து சேவை தர வேண்டும் என்று 2017-லிருந்து அறிவுறுத்தல் உண்டு. மேலாளருக்கு எழுத்தில் கொடுங்கள், நகலில் முத்திரை வாங்குங்கள். வாய்மொழியாகக் கேட்டால் கிடைக்கும் பதிலும் எழுத்தில் கேட்டால் கிடைக்கும் பதிலும் வேறு வேறு.

அப்பாவின் மொபைல் எண்ணை மறந்துவிடாதீர்கள். ஓடிபி எல்லாம் அதற்குத்தான் வரும். 90 நாள் பயன்பாடில்லாத சிம் கைவிட்டுப் போகலாம். குறைந்தபட்ச ரீசார்ஜ் போட்டு, மாதம் ஒரு அழைப்பாவது அதிலிருந்து செய்துவிடுங்கள்.

இரண்டு கணக்கு வைக்கும் விதம்

பென்ஷன் வரும் கணக்கில் பொதுவாகக் கணவன் அல்லது மனைவியின் பெயரைத்தான் சேர்க்க முடியும். பிள்ளை பெயரைச் சேர்க்க அங்கே போராடாதீர்கள். அப்பா, அம்மா பெயரில் பென்ஷன் கணக்கு அப்படியே இருக்கட்டும். அப்பாவும் பராமரிக்கிற பிள்ளையும் சேர்ந்து இன்னொரு சேமிப்புக் கணக்கு, எய்தர் ஆர் சர்வைவர் முறையில் தொடங்குங்கள். பென்ஷன் வந்த மறுநாள், தீர்மானித்த ஒரு தொகை தானாக இந்தக் கணக்குக்கு மாறும்படி வங்கியில் ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்ஷன் கொடுங்கள். இதுதான் பராமரிப்புக் கணக்கு. மருந்து, டயப்பர், பிசியோ, ஆள் சம்பளம், ஆட்டோ எல்லாம் இதிலிருந்து மட்டும். வெளியூர், வெளிநாட்டுப் பிள்ளைகள் அனுப்புவதும் இதற்கே வரட்டும். பராமரிக்கிறவரின் சொந்தக் கணக்குக்கு வரக் கூடாது.

ஓய்வூதியச் சான்றுகள் இரண்டு விஷயத்தில் தவறும். ஒன்று, உயிர்வாழ்வுச் சான்று. மத்திய அரசு ஓய்வூதியர்கள் நவம்பரில் கொடுக்க வேண்டும், 80 வயது கடந்தவர்கள் அக்டோபரிலிருந்தே கொடுக்கலாம். இபிஎஃப் ஓய்வூதியத்துக்கு ஆண்டில் எந்த மாதமும் கொடுக்கலாம். கொடுத்த நாளிலிருந்து 12 மாதம் செல்லும். விரல் ரேகை தேய்ந்தவர்களுக்கு முகத்தைப் படம் பிடித்துச் சான்று தரும் ஜீவன் பிரமாண் வசதி மொபைலிலேயே இருக்கிறது. முகத்தில் பகல் வெளிச்சம் விழும்படி கட்டிலைத் திருப்பி, கண்ணைச் சிமிட்டச் சொல்லி எடுக்க வேண்டும்; பக்கவாதத்தில் ஒரு பக்க இமை மூடாவிட்டால் இரண்டு மூன்று முறை தவறலாம், அப்போது வங்கிக்காரரை வீட்டுக்கு அழைப்பதே சுலபம். இரண்டாவது, ஓய்வூதிய ஆணையில் அம்மாவின் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரோடு ஒத்துப்போகிறதா என்பது. ஒரு எழுத்து மாறியிருந்தால்கூட குடும்ப ஓய்வூதியம் மாதக்கணக்கில் நின்றுபோகும். அப்பா இருக்கும்போதே திருத்திவிட வேண்டிய வேலை இது.

அப்பா காலமான பிறகு வரவாகும் பென்ஷனை எடுக்கக் கூடாது. வங்கி அதைத் திரும்பப் பிடிக்கும். அன்றிலிருந்து அவர் ஏடிஎம் கார்டை யாரும் தொட வேண்டாம், ஈமச்செலவுக்குக்கூட. அதற்கென்று பராமரிப்புக் கணக்கில் ஒரு தொகை எப்போதும் இருக்கட்டும்.

ஒரு நோட்டு, ஒரு கிளிப்

செயலி எதுவும் வேண்டாம். 200 பக்கக் கட்டம்போட்ட நோட்டு ஒன்று போதும், அப்பா கட்டிலுக்கு அருகில் இருக்கட்டும். ஆறு கட்டம்: தேதி, எதற்கு, எவ்வளவு, யார் கொடுத்தார், எந்தக் கணக்கு, பில் உண்டா. ஒரு வரி இப்படி இருக்கும்: "14-ந் தேதி, டயப்பர் எல் சைஸ் 3 பாக்கெட், 1,260, மகள், பராமரிப்புக் கணக்கு, பில் 37." அந்த 37 என்பது நீங்களே பில்லின் மூலையில் எழுதும் எண். பில்களை எண் வரிசையில் கிளிப்பில் குத்திவிடுங்கள்.

மருந்துக்கடை பில் வெப்பத்தாளில் அச்சாகிறது. மூன்று நான்கு மாதத்தில் வெள்ளைத் தாளாகிவிடும். வாங்கிய அன்றே மொபைலில் படம் எடுங்கள், பெரிய தொகை என்றால் ஜெராக்ஸ். பில்லில் நோயாளி பெயரும் டாக்டர் பெயரும் இருக்க வேண்டும். கடைக்காரர்கள் அவசரத்தில் வாங்க வந்தவர் பெயரை அடித்துவிடுவார்கள். அந்தப் பில் க்ளெய்முக்கு உதவாது, உடனே மாற்றி வாங்குங்கள்.

மாதம் 1-ந் தேதி பக்கத்தைக் கூட்டி, படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். யாரும் கேட்காவிட்டாலும் போடுங்கள்.

மாதச் செலவு எங்கே வீங்குகிறது

பெரிய தொகையாகத் தெரிகிற ஆஸ்பத்திரி பில்லைவிட, மாதா மாதம் கரைகிற சின்னச் செலவுகள்தான் குடும்பத்தைச் சாய்க்கின்றன. எண்ணிப் போட்டால்தான் பிடிபடும்.

டயப்பரை எடுத்துக்கொள்வோம். நாளைக்கு 4 என்றால் மாதம் 120. ஒன்று 40 ரூபாய் என்று வைத்தால் 4,800. பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை யூரின் கேன் வைத்துப் பழக்கி, கீழே துவைக்கிற ரப்பர் ஷீட்டும் பருத்தித் துணியும் போட்டால் இரவுக்கு ஒன்று, பகலுக்கு ஒன்று போதும்: 60 எண்ணிக்கை, 2,400 ரூபாய். ஆனால் போட்ட டயப்பரை மாற்றாமல் இழுத்துப் பணம் மிச்சம் பிடிக்காதீர்கள். ஈரத்தில் தோல் ஊறி படுக்கைப்புண் வந்தால், டிரஸ்ஸிங், ஆன்டிபயாடிக், நர்ஸ் வருகை என்று மிச்சம் பிடித்ததுபோலப் பல மடங்கு போய்விடும். ஏர் பெட் வாங்கத் தயங்காதீர்கள் என்று சொல்வதும் இதனால்தான்.

கட்டில், சக்கர நாற்காலி, ஆக்ஸிஜன் கருவி போன்றவற்றுக்கு வாடகையா, வாங்குவதா? விலையை மாத வாடகையால் வகுங்கள். உதாரணத்துக்குக் கட்டில் 18,000, வாடகை 2,000 என்றால் 9 மாதம். எத்தனை மாதம் தேவைப்படும் என்று டாக்டரிடம் நேராகக் கேளுங்கள். எலும்பு முறிவுக்கு மூன்று மாதம் என்பார், வாடகை போதும். பக்கவாதத்துக்கு அப்படிச் சொல்ல முடியாது. வாடகைக்கு எடுத்தால் முன்பணம் திரும்பத் தருவதையும், பழுதானால் யார் செலவு என்பதையும் ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.

மருந்தில் மிச்சப்படுத்த நல்ல வழிகள் உண்டு. சீட்டில் மருந்தின் மூலப்பெயரை (ஜெனரிக்) எழுதித் தரும்படி டாக்டரைக் கேட்டு, மக்கள் மருந்தகத்திலோ, 2025 பிப்ரவரி 24-ல் 1,000 இடங்களில் தொடங்கிய முதல்வர் மருந்தகத்திலோ விலை கேளுங்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை மருந்துகள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அவை வீட்டுக்கே வரும். படுத்த படுக்கையாக உள்ளவர்களுக்கு பிசியோவும் வலி நிவாரணப் பராமரிப்பும் அதே திட்டத்தில் உண்டு. பல குடும்பங்கள் இதைக் கேட்டுப் பதிவதே இல்லை. ஒரே எச்சரிக்கை: வலிப்பு மருந்தையும், வார்ஃபரின் போன்ற ரத்த உறைவுத் தடுப்பு மருந்தையும் டாக்டரைக் கேட்காமல் கம்பெனி மாற்றாதீர்கள். சிறு அளவு வித்தியாசமும் அவற்றில் ஆபத்து. வீடு வந்த முதல் இரண்டு மாதம் டாக்டர் அடிக்கடி அளவை மாற்றுவார். அதுவரை 15 நாளுக்கு மேல் எதையும் வாங்கி வைக்க வேண்டாம்.

ஆள் வைப்பதில், ஏஜென்சி சொல்லும் சம்பளம் பாதிக் கணக்குதான். பதிவுக் கட்டணம், முன்பணம், சாப்பாடு, வார விடுப்பில் வரும் மாற்று ஆளின் கூலி, ஊருக்குப் போகும் நாட்கள் ஆகியவற்றையும் சேர்த்து மாதத்துக்குப் போடுங்கள். ஆள் பிடிக்காமல் போனால் எத்தனை நாளில் மாற்றித் தருவார்கள், பதிவுக் கட்டணம் மறுபடி கேட்பார்களா என்று முன்பே கேளுங்கள். எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவரிடம் ஏடிஎம் கார்டும் பின் எண்ணும் கொடுக்க வேண்டாம். அவருக்கும் அதுவே பாதுகாப்பு.

ஆஸ்பத்திரி பில்லில் அறை வாடகைப் பொறி

காப்பீடு இருக்கிறது என்று நல்ல அறையாக எடுத்துவிடுவதில் பெரிய நஷ்டம் வருகிறது. 5 லட்சம் பாலிசி, அறை வாடகை வரம்பு நாளுக்கு 1 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம்; அதாவது 5,000. நீங்கள் 8,000 ரூபாய் அறையில் 5 நாள் இருந்தீர்கள். வித்தியாசம் 15,000தானே, கையிலிருந்து கொடுத்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் டாக்டர் கட்டணம், அறுவை அரங்கு, நர்ஸிங் போன்றவையும் அறையின் தரத்தோடு சேர்த்தே விலை போடப்படுவதால், 5,000-க்கு 8,000 என்ற விகிதத்தில் அவற்றையும் வெட்டுவார்கள். அவை 1,20,000 என்றால் 75,000தான் கிடைக்கும், 45,000 போச்சு. மருந்து, உள்ளே பொருத்தும் கருவி, பரிசோதனைகள் இவற்றுக்கு அந்த வெட்டு கூடாது. ஆக, 15,000 என்று நினைத்தது 60,000-ஆக நிற்கும். அட்மிஷன் போடும் மேசையிலேயே "எங்கள் பாலிசிக்கு எந்த அறை தகுதி" என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

வீடு திரும்பிய பிறகும் க்ளெய்ம் முடிவதில்லை. பெரும்பாலான பாலிசிகளில் அட்மிஷனுக்கு முந்தைய 30 நாள், டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய 60 நாள் செலவும் உண்டு. அதே நோய்க்கான மருந்து, ஸ்கேன், பிசியோ எல்லாம் இதில் வரும். கேஷ்லெஸ், அதாவது காப்பீட்டு நிறுவனமே ஆஸ்பத்திரிக்கு நேராகப் பணம் கட்டுவது, முடிந்ததும் எல்லாரும் இதை மறந்துவிடுகிறார்கள். பிசியோவுக்குப் பணம் பெற, டிஸ்சார்ஜ் சம்மரியிலோ தனிச் சீட்டிலோ டாக்டர் "பிசியோதெரபி தேவை, இத்தனை வாரம்" என்று எழுதியிருக்க வேண்டும். பிசியோ தருகிற ரசீதில் அவர் பதிவு எண் இருக்க வேண்டும். டிஸ்சார்ஜ் அன்று இதைக் கேட்டு எழுதி வாங்க ஐந்து நிமிடம் போதும்.

இருக்கும் பாலிசியைப் பணநெருக்கடியில் விட்டுவிடாதீர்கள். புதிதாக எடுத்தால் ஏற்கெனவே உள்ள நோய்க்கு மூன்று ஆண்டு வரை காத்திருக்க வைக்கலாம். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்துக்கு ஜிஎஸ்டி இல்லை. புதுப்பிக்கும்போது அது கழிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

காப்பீடே இல்லாத, ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் உள்ள குடும்பம் முதல்வரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டையை நோய் வரும் முன்பே எடுத்து வைக்க வேண்டும். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று எடுத்துக்கொண்டு கலெக்டர் அலுவலகத்தில் உள்ள திட்ட மையத்துக்குப் போக வேண்டும். பெற்றோர் பெயர் உங்கள் ரேஷன் கார்டில் இல்லாவிட்டால் அவர்கள் கார்டுக்குத் தனியாக எடுங்கள்.

மாற்றுத்திறனாளி அட்டை

பக்கவாதத்தால் கை கால் முடங்கியவர்களுக்கும் இது உண்டு என்பது பலருக்குத் தெரியாது. 40 சதவீதமோ அதற்கு மேலோ பாதிப்பு இருந்தால் யுடிஐடி என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை கிடைக்கும். நிலைமை தேறுமா என்று பார்த்துவிட்டுத்தான் சான்று தருவார்கள், அதனால் முதல் மாதமே அலைய வேண்டாம்; ஆறு மாதம் கழித்து நரம்பியல் மருத்துவர் குறிப்புகளோடு அரசு மருத்துவமனையின் முகாம் நாளில் போங்கள். 75 சதவீதத்துக்கு மேல் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை உண்டு. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். சக்கர நாற்காலியும் அங்கே கேட்கலாம்.

அட்டையின் இன்னொரு பயன் வரியில். பெற்றோர் தன்னைச் சார்ந்தவர்கள் என்று காட்டும் பிள்ளைக்கு வரிக்குரிய வருமானத்தில் 75,000 ரூபாயும், பாதிப்பு 80 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் 1,25,000 ரூபாயும் கழிவு. பில் கணக்குக் காட்டத் தேவையில்லை, முழுத் தொகையும் கிடைக்கும். 60 வயது கடந்த பெற்றோருக்கு மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்துக்கு 50,000 வரை தனிக் கழிவு. காப்பீடு இல்லாவிட்டால் மருத்துவச் செலவையே அந்த வரம்புக்குள் காட்டலாம், ஆனால் ரொக்கமாகக் கொடுத்தது செல்லாது. டிமென்ஷியா, பார்க்கின்சன், புற்றுநோய், நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு போன்ற சில நோய்களுக்கு மூத்தோர் என்றால் 1 லட்சம் வரை இன்னொரு கழிவு. பழைய சட்டத்தில் இவை முறையே 80டிடி, 80டி, 80டிடிபி. 2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டத்தில் எண்கள் மாறிவிட்டன. இவை எல்லாம் பழைய வரிமுறையில் மட்டும். புதிய வரிமுறையில் இருந்துகொண்டு கேட்க முடியாது. இரண்டிலும் கணக்கிட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

கணக்கைப் பிரித்து வைத்ததன் பலன் இங்கே தெரியும். அப்பா பென்ஷனிலிருந்து கட்டிய செலவை மகன் தன் கழிவாகக் காட்ட முடியாது. வரி கட்டும் பிள்ளை பிரீமியத்தைத் தன் சொந்தக் கணக்கிலிருந்தும், டயப்பரையும் ஆள் சம்பளத்தையும் அப்பா பணத்திலிருந்தும் கட்டினால் அதே செலவுக்கு வரி குறையும்.

வேலையை விடுவதற்கு முன்

பெரும்பாலும் மகளோ மருமகளோதான் வேலையை விடுகிறார். "சம்பளமே ஆளுக்குத்தான் போகும், அதற்கு வீட்டிலேயே இருந்துவிடலாமே" என்று எல்லாரும் சொல்வார்கள். அந்தக் கணக்கு தவறு. கைக்கு வரும் சம்பளத்தை மட்டும் வைத்து அதைப் போடுகிறார்கள்.

கையில் 25,000 வாங்குகிறவரை உதாரணமாக எடுப்போம். அதற்கு வெளியே, 15,000 அடிப்படையில் பிஎஃப் பிடித்தாலே அவர் பங்கு 1,800, நிறுவனப் பங்கு 1,800, மாதம் 3,600 சேர்கிறது. கிராஜுவிட்டிக்கு (பணிக்கொடை) நிரந்தர ஊழியர் ஐந்து ஆண்டு முடிக்க வேண்டும். அடிப்படை ஊதியம் 20,000 என்றால் 20,000 பெருக்கல் 15 வகுத்தல் 26, பெருக்கல் 5: ஏறக்குறைய 57,692 ரூபாய். நான்கரை ஆண்டில் விட்டால் அது சுத்தமாகப் போகும். நிறுவனக் குழுக் காப்பீட்டில் அப்பா பெயரும் இருந்தால், கடைசி வேலை நாளோடு அவருக்கும் காப்பீடு முடிகிறது. நோயாளிக்குப் புதிதாக யாரும் எளிதில் தர மாட்டார்கள். அதே காப்பீட்டு நிறுவனத்தில் தனிநபர் பாலிசிக்கு மாற முடியுமா என்று ராஜினாமாக் கடிதம் கொடுப்பதற்கு முன்பே மனிதவளத் துறையில் கேளுங்கள். இவற்றையெல்லாம் போட்டபின், ஆள் சம்பளம் 20,000 ஆனால்கூட வேலையில் இருப்பதே மேல் என்று பல வீடுகளில் கணக்கு முடியும்.

நம் நாட்டில் தனியார் ஊழியருக்குப் பெற்றோரைப் பராமரிக்கவென்று சட்டப்படியான விடுப்பு எதுவும் இல்லை. ஆகவே ஈட்டிய விடுப்பு, பாதி நாள், வீட்டிலிருந்து வேலை, சம்பளமில்லா விடுப்பு என்ற வரிசையில் கேளுங்கள். மூன்று மாதச் சம்பளமில்லா விடுப்பு கிடைத்தால்கூட வேலைத் தொடர்ச்சி அறுபடாது. விட்டே ஆக வேண்டும் என்றால் பிஎஃப் பணத்தை எடுத்துவிடாதீர்கள். அதற்கு வட்டி தொடரும். பத்து ஆண்டு சேவை சேர்ந்தால் ஓய்வூதிய உரிமை. எடுத்துவிட்டால் எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து தொடங்கும்.

கடன் வாங்கும் வரிசை

முதலில் எஃப்டி மேல் கடன். டெபாசிட் வட்டியைவிட ஒன்றிரண்டு சதவீதமே கூடுதல். இனிமேல் டெபாசிட் போடும்போது 5 லட்சத்தை ஒன்றாகப் போடாமல் ஐம்பதாயிரமாகப் பத்து ரசீது போடுங்கள். தேவைக்கு ஒன்றை மட்டும் உடைக்கலாம். அஞ்சலக மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் கடன் கிடையாது. முதல் ஆண்டுக்குப் பின் மூடினால் ஒன்றரை சதவீதமும், இரண்டு ஆண்டுக்குப் பின் ஒரு சதவீதமும் அசலில் பிடிப்பார்கள். அதைக் கடைசியாகத் தொடுங்கள், காலாண்டு வட்டி வீட்டுக்குச் சோறு.

அடுத்தது நகைக்கடன், வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ. எல்லா நகையையும் ஒரே சீட்டில் வைக்காதீர்கள். மூன்று சீட்டாகப் பிரித்து வைத்தால், கொஞ்சம் பணம் வந்ததும் ஒரு சீட்டை மீட்கலாம். ஒரே சீட்டென்றால் மொத்தமும் புரளும்வரை தாலிக்கொடிகூட உள்ளேயே கிடக்கும். முதிர்வுத் தேதிகளை நோட்டின் உள் அட்டையில் எழுதுங்கள். வட்டியை மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கட்டுங்கள்.

கிரெடிட் கார்டில் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டு போவதும், உடனடிக் கடன் செயலிகளும், மீட்டர் வட்டியும் வேண்டவே வேண்டாம். மிரட்டி வட்டி வசூலித்தால் 2003-ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டப்படி போலீஸில் புகார் கொடுக்கலாம்.

உடன்பிறந்தவர்களிடம் பேசுவது

"முடிந்ததைக் கொடுங்கள்" என்று சொல்லாதீர்கள். மூன்று மாத நோட்டுப் பக்கங்களை முன்னால் வைத்து, சராசரி மாதச் செலவு இவ்வளவு, அப்பா பென்ஷன் போகக் குறைவது இவ்வளவு என்று சொல்லுங்கள். குறைவதைச் சமமாகப் பிரிக்க வேண்டும் என்றில்லை, வருமானத்துக்கு ஏற்பப் பிரிக்கலாம். உதாரணத்துக்குக் குறைவது 18,000; அண்ணன் 60,000-ம் தங்கை 30,000-ம் சம்பாதிக்கிறார்கள் என்றால் 12,000, 6,000.

வீட்டில் இருந்து பார்த்துக்கொள்கிறவரின் உழைப்பு அந்தப் பட்டியலில் ஒரு வரியாக இருக்க வேண்டும். வெளியாள் வைத்தால் ஆகும் தொகையில் பாதியையாவது மாதா மாதம் அவருடைய சொந்தக் கணக்குக்கு அனுப்பும்படி கேளுங்கள். கேட்கக் கூச்சமாக இருக்கும். "அப்பாவைப் பார்க்கக் காசு கேட்கிறாள்" என்று ஒரு சொல்லும் வரலாம். இரவு மூன்று முறை எழுந்து புரட்டிப் படுக்க வைக்கிறவருக்கு ஐம்பத்தெட்டு வயதில் கையில் ஒன்றுமில்லாமல் போவதைவிட அந்தச் சொல் சிறியது. வீடு, நிலத்தை ஒருவர் பெயருக்கு மாற்றி எழுதுவதாக இருந்தால், "பெற்றோரைப் பராமரிக்க வேண்டும்" என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, அந்த நிபந்தனை மீறப்பட்டால் பத்திரத்தை ரத்து செய்யக் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தை அணுக வழி தருகிறது.

பராமரிக்கிறவரின் கணக்குக்கு வரும் தொகையில் முதலில் போக வேண்டியவை மூன்று: அவருக்கான மருத்துவக் காப்பீடு, பிபிஎஃப் போன்ற நீண்டகாலச் சேமிப்பு, விபத்து மற்றும் ஆயுள் காப்பீடு. பிபிஎஃப் கணக்கு உயிரோடு இருக்க ஆண்டுக்கு 500 ரூபாய் போதும், முடிந்த மாதம் கூடுதலாகப் போடலாம். வங்கிக் கணக்கிலிருந்தே ஆண்டுக்கு 20 ரூபாயில் 2 லட்சத்துக்கு விபத்துக் காப்பீடும், 18 முதல் 50 வயதுக்குள் சேர்ந்தால் 436 ரூபாயில் 2 லட்சத்துக்கு ஆயுள் காப்பீடும் எடுக்கலாம். இரண்டும் ஆண்டுதோறும் மே மாத இறுதிக்குள் பிடிக்கப்படும். அந்த மாதம் கணக்கில் 500 ரூபாயாவது இருக்கிறதா என்று பாருங்கள். பணம் இல்லாமல் தவறியது தெரியாமலேயே காப்பீடு முடிந்துபோன குடும்பங்கள் உண்டு. அவருடைய நாமினியாக, அவருக்குப் பின் அப்பாவைப் பார்த்துக்கொள்ளப் போகிறவரின் பெயரைப் போடுங்கள். படுக்கையில் இருப்பவர் பெயரைப் போட்டால், அந்தப் பணத்தை எடுக்கவே மறுபடி கைரேகை, சாட்சி, மேலாளர் என்று தொடங்க வேண்டியிருக்கும்.